பந்தை வெளியே விடாத கிரிதரன்

மண்சரிவுக்கு முன், மண்சரிவுக்குப் பின் என்று காலத்தை இரண்டாகக் கிழித்து வைத்திருக்கும் தேயிலைத் தோட்டங்கள் மலையகத்தில் எத்தனையோ உண்டு. ஊசிப்பாறைத் தோட்டத்துக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை, அங்கே ஆட்டத்துக்கு முன் என்று ஒரு காலம் இருந்தது, அதற்குப் பிறகு ஆட்டம் மட்டுமே இருக்கிறது.

ஆட்டம் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு. கடல் தாண்டி ஏதோ ஒரு பணக்கார நகரத்தில் உலகத்து நாடுகளெல்லாம் கூடி ஆடிய ஏழு பேர் ரக்பிப் போட்டியின் கடைசி ஆட்டம் அது. பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிஷம்; ஒரு பெண் கொழுந்து நிறுத்துக் கூடையைக் கவிழ்த்துத் தட்டி வீட்டுக்கு நடந்து சேருவதற்குள் முடிந்துபோகிற விளையாட்டு. ஒரு பக்கம் பிஜி. மறுபக்கம் இலங்கை, இலங்கைக்காக ஆடிய ஏழு பேரில் ஒருவன் ஊசிப்பாறை மேட்டு லயத்துச் சன்னாசியின் மகன் கிரிதரன், வயது இருபத்து மூன்று, லயத்து வரிசைவீட்டுக் காம்பராவில் பிறந்து நாட்டுக்கு ஆடப்போன முதல் ஆள். ஆகவே துரைமார் கிளப் கிரவுண்டுக்கு எதிரே, டிவி இருக்கும் பெஞ்சமின் சலூனில் அன்று கால் வைக்க இடமில்லை. கதிரையில் உட்கார்ந்திருந்த தொழிற்சங்கத் தலைவர் கருப்பண்ணனுக்கு ஒரு கன்னம் மழித்து முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

இலங்கை இருபத்தொன்று, பிஜி பத்தொன்பது. ஒரு பிஜிக்காரனின் கைநழுவிய பந்தைக் கிரிதரன் அள்ளி எடுத்த அதே நொடியில் நேரம் முடிந்ததென்று சங்கு ஊதியது. இந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது: சங்கு ஊதினாலும் பந்து ஓயும்வரை ஆட்டம் ஓயாது. புள்ளியில் முன்னால் நிற்கிறவன் பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டால் போதும், ஆட்டமும் முடிந்தது, கோப்பையும் கிடைத்தது. சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த காரியம். "வெளிய அடி! வெளிய அடிடா!" என்று சலூன் முழுக்கக் கத்தியது. கிரிதரன் அடிக்கவில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

பத்து நிமிஷம் ஓடினான், அரை மணி ஓடினான், பிஜிக்காரர் ஏழு பேரும் துரத்த, தன் ஆட்கள் ஆறு பேரும் பக்கத்தில் ஓட, கோட்டின் ஓரம்வரை போய் அங்கே நெருப்பைக் கண்டவன் மாதிரித் திரும்பி மறுபடி உள்ளே ஓடினான். அங்கே விளக்குப் போட்டார்கள், இங்கே இருட்டியது, விடிந்தது, வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிற வழியில் ஆட்கள் சலூனுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்கள், ஓடிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. இருநூறு வருஷமாக முடியாத வேலையைப் பார்த்துப் பழகிய சனத்துக்கு முடியாத ஓர் ஆட்டம் என்ன பெரிய அதிசயம்? "இன்னும் ஓடுறானா?" என்று கேட்டார்கள், "ஓடுறான்" என்று பெஞ்சமின் சொன்னார், அவரவர் கொழுந்து மலைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு மாதத்தில் அதுவே வணக்கம் ஆகிவிட்டது. பாதையில் சந்திக்கிறவர்கள் சுகமா என்று கேட்பதை விட்டு "ஓடுறானா?" என்று கேட்டார்கள், "ஓடுறான்" என்றால் எல்லாம் வழக்கம்போல என்று அர்த்தம். பீலித் தண்ணீரில் குடம் நிரம்ப கிரி நாலு தரம் கிரவுண்டைச் சுற்றிவரும் நேரம் ஆகும் என்று பெண்கள் கணக்கு வைத்தார்கள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் சலூன் வாசலில் ஒரு நிமிஷம் நின்று போவது சம்பிரதாயம் ஆயிற்று. அந்த நகரத்தில் ஓட்டத்தோடு ஓட்டமாகத் தண்ணீர் கொடுத்தார்கள், ஓட்டத்தோடு ஓட்டமாகச் சப்பாத்து மாற்றினார்கள், அடுத்த வருஷத்துப் போட்டியைப் பக்கத்தில் வேறு மைதானம் கட்டி அங்கே நடத்திக்கொண்டார்கள். கருப்பண்ணன் தலைவர் ஆட்டம் முடியாமல் மறு கன்னத்தை மழிப்பதில்லை என்று சபதம் செய்து, பாதி முகத் தாடியோடு பேச்சுவார்த்தைக்குப் போய்வந்தார்.

ஒரு மந்திரியும் வந்தார். லயத்துக்கு மேலே சரிவில் ஒரு கல் நட்டு, ஆட்டம் முடிந்ததும் கிரிதரன் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவு காணியும் தனி வீடும் என்று அறிவித்து, மாலையோடு படம் பிடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தோட்டத்தில் எது கேட்டாலும் ஆட்டம் முடியட்டும் என்ற பதில்தான் வந்தது. கூரைத் தகரம் ஆட்டம் முடிந்ததும், ரோட்டுக்குத் தார் ஆட்டம் முடிந்ததும், டிஸ்பென்சரிக்கு டாக்டர் ஆட்டம் முடிந்ததும். மந்திரி நட்ட கல்லைச் சுற்றி மானாப்புல் வளர்ந்து கல்லையே மூடிவிட்டது.

சலூனில் மட்டும் ஞாயிறு தவறாமல் விவாதம் நடந்தது. கொழுந்து லொறி ஓட்டுகிற சிங்களவர் பியசேன, தொண்ணூறு மைல் தூரத்தில் ரக்பி நடந்தாலும் லொறியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கிற ஆள், தனக்குத் தெரிந்த தமிழில் ஒரே கேள்வியை மூன்று வருஷமாகக் கேட்டார்.

"அண்ணே, ஒரு அடி. வெளிய. மெட்ச் முடிஞ்சி, கப் நம்மளுக்கு. ஏன் இந்தப் பொடியன் அடிக்க இல்ல?"

"அவன் போராட்டம் பண்றான்யா," என்றார் கருப்பண்ணன், தாடியில்லாத கன்னத்தைத் தடவிக்கொண்டு. "கோரிக்கை நிறைவேறுற வரைக்கும் பந்தக் கைவிட மாட்டான்."

"என்னா கோரிக்கை தலைவரே?" என்று பெஞ்சமின் கேட்டார்.

"அத ஆட்டம் முடிஞ்சப்பறம் பேசிக்கலாம்."

"ஒங்க வாயிலயும் அதே பேச்சா?" என்று பெஞ்சமின் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினார். "பிஜிக்காரனப் பாருங்க. மூச்சே வாங்காம ஓடுறான். அவனுக்கும் யாரும் நில்லுன்னு சொல்லல போல."

"அந்த நாட்டுக்கும் வெள்ளைக்காரன் நம்ம சனத்தக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனான்ல, கரும்பு வெட்ட. அந்தக் காத்துப் பட்டவனுங்களுக்கு நிக்கத் தெரியுமா?" என்றார் கருப்பண்ணன்.

"அப்ப ரெண்டு பக்கமும் ஓடறது நாமதான்னு சொல்லுங்க."

"ஓட்டம் நம்மளுது. கப்புதான் எவனுக்கோ," என்றார் தலைவர்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் வாய் திறக்காமல் மூலையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பவர் சன்னாசி. பக்கத்தில் அவர் பெண்சாதி செவனம்மா. அவள் அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே சலூனுக்கு வருவாள், மடியிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து டிவிக்கு முன்னால் வைப்பாள், மகன் திரையில் பக்கத்தில் ஓடிவரும்போது எட்டிப் பார்ப்பாள், முட்டியில் காயம் ஆறிவிட்டது என்பாள், புள்ள இளைச்சுட்டான் என்பாள், மூன்றாம் வருஷம் ஒருநாள் காதோரத்தில் நரையைக் கண்டுபிடித்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொழுது சாய்ந்ததும் ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவளுக்குக் கப் வேண்டாம், காணி வேண்டாம், வீடு வேண்டாம். பிள்ளை வீடு வந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும்.

மகன் ஏன் அடிக்கவில்லை என்பது சன்னாசிக்கு முதல் நிமிஷத்திலேயே தெரியும். தெரிந்ததை மூன்று வருஷம் நெஞ்சில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார், அது உள்ளே கிடந்து அவரை அரித்தது.

தோட்டத்தை ஆளும் துரைமாரின் கிளப்பில் சன்னாசி பந்துக்காரராய் இருந்தவர். கிளப் கிரவுண்டு ஒரு மலை முதுகின் மேல் இருக்கிறது. கிழக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நேரே பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலை, தேயிலை முழுக்க அட்டை. துரைமார் ஆடும்போது பந்து கோடு தாண்டினால் "சன்னாசி!" என்று ஒரு சத்தம் வரும், சத்தம் முடிவதற்குள் அவர் பாதி பள்ளம் இறங்கியிருப்பார், எடுத்த இடத்திலிருந்தே தலைக்கு மேலே வீசுவார், பந்து மேலே போய்ச் சரியாகக் கோட்டில் விழும். முப்பத்தொரு வருஷம் அதுதான் வேலை. உலகத்தில் மற்றவனுக்கெல்லாம் வெளியே போன பந்து ஓய்ந்த பந்து. சன்னாசி வீட்டில் மட்டும் பந்து வெளியே போனால்தான் வேலை தொடங்கும்.

துரைமார் தூக்கிப்போட்ட கிழிந்த பந்து ஒன்றை வைத்து, ஆளில்லாத நாட்களில் அப்பனும் மகனும் அந்தக் கிரவுண்டில் ஆடுவார்கள். கிரிக்கு ஒன்பது வயதில் ஒருநாள் அவன் ஓங்கி உதைத்த பந்து கிழக்குப் பள்ளத்தில் விழுந்தது. சன்னாசி இறங்கினார். பந்து விழுந்த செடியில் குளவிக்கூடு இருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் முகம் எது, கழுத்து எது என்று தெரியாமல் வீங்கிக் கிடந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை அழுதான். "இனிமே வெளிய விடமாட்டேன்ப்பா. செத்தாலும் விடமாட்டேன்." சன்னாசி வீங்கிய வாயால், "ஆமா, விட்டுறாத," என்றார். மகனுக்கு அவர் சொல்லிக்கொடுத்த விளையாட்டு அவ்வளவுதான். பெரிய பெரிய கோச்மார் பிற்பாடு அவனைப் பார்த்து, இந்தப் பையன் கோட்டோரத்தில் பந்தை விட்டதே இல்லை, இது பிறவி வித்தை என்று மெச்சியபோது அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருக்கிறார்.

செவனம்மா நரையைக் கண்டுபிடித்த அன்று சன்னாசி வாங்கிலிருந்து எழுந்தார்.

"அவன் போராட்டமும் பண்ணல, ஒண்ணும் பண்ணல," என்றார். "எனக்காக ஓடறான். பந்து வெளிய போனா நான் எறங்கணும்னு ஓடறான்." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். செவனம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பியசேனதான் முதலில் பேசினார். "அப்ப நீங்க சொல்லுங்க அண்ணே. எறங்க மாட்டேன்னு சொல்லுங்க. அவன் அடிப்பான்."

அது சரியான யோசனை, அதற்கு வழியும் இருந்தது. மூன்றாவது வருஷ நிறைவுக்கு அப்பா அம்மாவைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து ஒரு டிவிக்காரப் பெண் வந்தாள். தலைவர் பாதித் தாடியோடு அவளை மறித்துப் பேசி, சன்னாசியின் பேச்சு மைதானத்துப் பெரிய திரையில் வரவேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். தலைவர் ஜெயித்த ஒரே பேச்சுவார்த்தை அது. கேமராவுக்கு முன்னால் சன்னாசி கோயில் வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கிரி, அப்பாதான் பேசறேன்," என்றார். "பந்த வெளிய அடிச்சிருப்பா. நான் வேலையிலருந்து நின்னுட்டேன். இப்ப அந்தப் பள்ளத்துல யாரும் எறங்கறதில்ல, எல்லாம் காடாக் கெடக்கு. மாரியம்மா மேல சத்தியமா, ஒங்கம்மா மேல சத்தியமா, நான் எறங்க மாட்டேன். நீ அடிச்சிட்டு வீட்டுக்கு வா சாமி. அம்மா சோத்த வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா."

அடுத்த ஞாயிறு நாலு மணிக்குக் காட்டுவதாகச் சொன்னார்கள். ஊசிப்பாறையில் அன்றைக்குப் போல ஒரு நாள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மேட்டு லயமும் பணிய லயமும் கூடி வந்தன. தப்புக்காரர்கள் கிளப் வாசலில் நெருப்பு மூட்டித் தப்பு மேளத்தைக் காய்ச்சினார்கள். தலைவர் கதிரையில் ஏறி உட்கார்ந்து தாடிக் கன்னத்தைக் காட்டினார், பெஞ்சமின் நுரை குழைத்துக் கத்தியோடு நின்றார். செவனம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்துச் சட்டியோடு வந்து டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தலையில் பூ வைத்திருந்தாள்.

நாலு மணிக்கு அந்த நகரத்துப் பெரிய திரையில் சன்னாசி தெரிந்தார். ஓடிக்கொண்டிருந்த கிரிதரன் நிமிர்ந்து பார்த்தான். ஓட்டம் தளர்ந்தது. பிஜிக்காரர்களும் தளர்ந்தார்கள், ஒருவன் இடுப்பில் கைவைத்து நின்றேவிட்டான். அப்பா செய்த இரண்டு சத்தியத்தையும் கிரி கேட்டான். அவன் முகம் ஒன்பது வயதுப் பிள்ளையின் முகம் மாதிரி ஆனது. பிறகு பந்தைக் கையிலிருந்து இறக்கி, மூன்று வருஷத்தையும் காலில் சேர்த்து, கிழக்கே கோட்டுக்கு வெளியே உதைத்தான்.

பந்து உயர்ந்தது. கோட்டின் மேலே போனது, ஆட்கள் உட்கார்ந்திருந்த படிகளின் மேலே போனது, திரையை விட்டே போனது. கோட்டோரத்துக் கொடிக்காரர் கொடியைப் பாதி தூக்கி, பந்து தரையில் விழட்டும் என்று அண்ணாந்து காத்திருந்தார். நடுவர் விசிலை வாயில் வைத்துக் காத்திருந்தார். பந்து விழவில்லை. பெஞ்சமின் டிவிக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்தார்.

அப்போது வெளியே, கிளப் கிரவுண்டின் கிழக்குப் பக்கம், பள்ளத்துச் செடிகள் முறிகிற சத்தம் கேட்டது.

அது என்ன சத்தம் என்று அந்த மலையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். சன்னாசி வாங்கில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி கிரவுண்டைக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார், அறுபத்திரண்டு வயதுக் கால்கள் இருபது வயதுக் கால்களாய் ஓடின. பெஞ்சமின் கத்தியோடு பின்னால் ஓடினார், தலைவர் நுரையோடு ஓடினார், பியசேன "அண்ணே வேணாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினார், லயமே "சன்னாசி! சன்னாசி!" என்று கத்தியது. கூப்பிட்டது தப்பாகிப் போனது. முப்பத்தொரு வருஷமாக அந்தக் கிரவுண்டில் அந்தப் பேரைக் கத்தினால் இறங்கு என்றுதான் அர்த்தம். அவர் இறங்கிவிட்டார்.

கவ்வாத்து வெட்டு இல்லாமல் மரமாய் வளர்ந்துவிட்ட ஒரு தேயிலைச் செடியின் தலையில், தரையைத் தொடாமல், பந்து உட்கார்ந்திருந்தது. எடுத்தார். சூடாக இருந்தது, மகனின் உள்ளங்கை வேர்வை இன்னும் காயவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் பிள்ளையைத் தொட்டது அதுதான். அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. "எனக்குத் தெரியும், கைக்குத் தெரியல," என்று பிற்பாடு அவரே சொன்னார். மேலே எல்லோரும் விளிம்பில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட, அந்தக் கைகள் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி வீசின. பனிமூட்டத்துக்குள் போன பந்து திரும்பி அந்தக் கிரவுண்டில் விழவில்லை.

செவனம்மா மட்டும் சலூனை விட்டு எழுந்திருக்கவில்லை. மேலேயிருந்து பந்து மகனின் கையில் வந்து விழுந்ததை அவள் பார்த்தாள். கொடிக்காரர் கொடியை இறக்கினார், பந்து தரையைத் தொடவில்லையே, அவர் என்ன செய்வார்? கிரிதரன் பந்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். அதில் ஒரு தேயிலை ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு துளி ரத்தம், அட்டை கடித்த கையின் ரத்தம். கிரி அதைப் பெருவிரலால் தடவினான். அப்பா இறங்கிவிட்டார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா சத்தியம் செய்தாலும் இறங்குவார் என்றும் தெரிந்துவிட்டது.

தப்புக்காரர்கள் நெருப்பை அணைத்துவிட்டுப் போனார்கள். பந்து செடியில் பட்டது தரையில் பட்ட கணக்கா இல்லையா என்று பெஞ்சமினும் பியசேனவும் அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. தலைவர் கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

சன்னாசி கால் நிறைய அட்டையோடு சலூன் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. செவனம்மா குழம்புச் சட்டியை மூடிவிட்டு எழுந்துபோய், அவரை வாங்கில் உட்காரவைத்து, சவர்க்கார நுரையைத் தேய்த்து ஒவ்வோர் அட்டையாகப் பிடுங்கிப் போட்டாள். "எறங்க மாட்டேன்னு எம்மேலதானே சத்தியம் பண்ணீங்க," என்றாள், கோபமே இல்லாமல்.

டிவிப் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, வழியில் போகிறவன் வழியில் வருகிறவனைக் கேட்பது போலக் கேட்டார்.

"இன்னும் ஓடுறானா?"

"ஓடுறான்," என்றாள் செவனம்மா. "இப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு ஓடுறான்."